பியூனுக்கு எட்டாம் வகுப்பு, எம்.எல்.ஏ.வுக்கு?

சென்ற இதழில் ஒரு வாசகர், "எம்.எல்.ஏ., எம்.பி. ஆவதற்குப் பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கினால் நாடு உருப்படுமா?" என்று கேட்டிருந்தார். "நாடு உருப்படுமோ என்னவோ, டுடோரியல் காலேஜ்கள் உருப்படும்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கும் கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய. முக்கால்வாசி திட்டு. கிண்டலடித்து நழுவிவிட்டீர்கள் என்பது சாரம். நியாயமான திட்டுதான். அதனால் இந்த முறை பகுதி முழுக்க இதே விவகாரம். பட்டா மாறுதல், பென்ஷன் பாக்கி என்று கேட்டிருக்கும் நண்பர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மு.ரா., திண்டிவனம்: அலுவலக உதவியாளர் வேலைக்கே எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். கிளார்க் ஆகப் பத்தாம் வகுப்பு, அதற்கு மேல் போட்டித் தேர்வு. இவர்கள் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்து சட்டம் போடுகிறவருக்கு ஒன்றுமே வேண்டாமா? 34 வருடம் அரசு வேலை பார்த்த நீங்களே இதை ஆதரிக்கலாமா?

உங்களுக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது. 1949 நவம்பர் 26 அன்று, அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொள்வதற்குச் சற்று முன்னால், அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத் தமக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு என்றார். ஒன்று, அதை முதலில் ஓர் இந்திய மொழியில் எழுத முடியாமல் போனது. மற்றது நீங்கள் கேட்பதேதான். சட்டத்தை அமல்படுத்துகிறவர்களிடம் உயர்ந்த தகுதி கேட்கிறோம், சட்டத்தை இயற்றுகிறவர்களுக்குத் தேர்தலில் ஜெயித்தால் போதும் என்கிறோம், இது பொருத்தமாக இல்லை என்றார். கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலாவதாக வந்தவர். அவர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே பேச்சில் அவர் மேலே போய், சட்டம் செய்கிறவருக்கு அறிவைவிட முக்கியமாக வேண்டியது நிதானமும், பிறரைச் சாராமல் முடிவெடுக்கும் துணிவும், ஒழுக்கமும் என்கிறார். அதை அளக்க ஒரு கோல் செய்ய முடியாது, முடியாதவரை நம் அரசியல் சட்டத்தில் இந்தக் குறை இருக்கத்தான் செய்யும் என்கிறார். அதாவது, படிப்பை அளக்கலாம், ஆனால் அவருக்கு வேண்டியது படிப்பு மட்டும் அல்ல. அப்படியே விட்டார்கள். மக்களவைக்கு 84ஆம் பிரிவு, சட்டமன்றத்துக்கு 173ஆம் பிரிவு: குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது ஆகியிருக்க வேண்டும், உறுதிமொழி எடுக்க வேண்டும். படிப்பு பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சரி, பியூனுக்கு வருகிறேன். அரசு வேலைக்கு ஆள் எடுக்கிறவருக்கு மனுப் போட்டிருக்கும் ஆயிரம் பேரில் ஒருவரையும் தெரியாது. தெரிந்திருந்தால் அது வேறு மாதிரி ஆபத்து. சிபாரிசு நுழையாமல் இருக்க ஒரு பொது அளவுகோல் வேண்டியிருக்கிறது, சான்றிதழ் அதற்குத்தான். தேர்தல் அப்படி இல்லை. நமக்காகப் பேச நம்மில் ஒருவரை அனுப்புகிறோம். வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் எம்.ஃபில். முடித்த சித்தப்பா இருப்பார். ஆனால் பேசப் போவது நெல் மண்டி வைத்திருக்கும் பெரியப்பா. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த உவமையில் ஓட்டை இருக்கிறது. பெரியப்பா பட்ஜெட் போடப் போவதில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஜெ.சு., கடலூர்: ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் படித்த தலைவர்கள், படிக்காத தலைவர்கள் இரண்டு வகையையும் பார்த்திருப்பீர்கள். தத்துவம் வேண்டாம். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

பத்து வருட இடைவெளிக்குப் பிறகு 1996 அக்டோபரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகு வந்த முதல் தேர்தல். நான் அப்போது விரிவாக்க அலுவலர். புதிதாக வந்தவர்களுக்கு ஒத்தாசையாக இருக்கச் சொல்லி எனக்கு எட்டு ஊராட்சிகளைக் கொடுத்தார்கள்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நாளைக்குக் கூட்டம் என்றால் இன்று ராத்திரியே தீர்மானத்தை எழுதி வைத்துவிடுவோம். "பொருள் மன்றத்தின் முன் வைக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது." விவாதம் நடப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே ஏகமனது ஆகியிருக்கும். தலைவர் வருவார், டீ வரும், கையெழுத்தாகும்.

ஓர் ஊரில் தலைவராக வந்தவர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மா. ஐம்பது வயதிருக்கும். அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றிருந்தார், அவ்வளவுதான். முதல் கூட்டத்தில் நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை. "படிச்சுக் காட்டுங்க சார்" என்றார். படித்தேன். மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலனிக்கு 600 மீட்டர் பி.வி.சி. குழாய் பதிப்பது என்பது மூன்றாவது பொருள்.

"மீட்டரெல்லாம் எனக்கு வெளங்காது. எத்தன கொழாய்?"

"ஒரு குழாய் ஆறு மீட்டர்மா. நூறு குழாய்."

ஆபீஸ் பின்னால் பழைய குழாய் ஒன்று கிடந்தது. எழுந்து போய் அதன் பக்கத்தில் கால் வைத்து நடந்து பார்த்தார். திரும்பி வந்து, "நூறு வராது சார். டேங்க்லேர்ந்து காலனி கடைசி வீடு வரைக்கும் கொடத்தோட நடந்தவ நானு. நூறு கொழாய் போட்டா ஐயனார் கோயிலத் தாண்டிப் போயிடும்" என்றார். ஓவர்சியர் சிரித்தார். வளைவு நெளிவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டது என்றார். வார்டு உறுப்பினர்களும் கூடவே கிளம்பிவிட்டார்கள். டேப் பிடித்து அளந்தோம். 388 மீட்டர். அறுபத்தைந்து குழாய்.

ஓவர்சியர் திருடினார் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து ஊர் எஸ்டிமேட்டை அப்படியே நகல் எடுத்திருந்தார், எனக்குத் தெரிந்தது அதுதான். அந்த எஸ்டிமேட்டின் கீழே சரிபார்த்ததாக என் கையெழுத்தும் இருந்தது. நான் பி.ஏ. பொருளாதாரம்.

இதோடு நிறுத்தினால் நான் கதை கட்டுகிறேன் என்பீர்கள். அதே அம்மா அடுத்த வருடம் ஏமாந்தார். தெருவிளக்குக்கு ட்யூப்லைட் வாங்கிய ஒரே பில்லை இரண்டு முறை பாஸ் செய்ய வைத்துவிட்டார்கள். வாயால் சொன்னால் கணக்குப் பிசகாது அவருக்கு. ஆனால் ஆறு மாதம் முன்பு பார்த்த காகிதமும் இன்றைய காகிதமும் ஒன்றுதான் என்பதை எழுத்து தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்குத் தணிக்கையில் ஆட்சேபம் வந்தபோதுதான் தெரிந்தது. "ரெண்டெழுத்து படிச்சிருந்தா இந்தக் கேவலம் வந்திருக்குமா" என்று என்னிடம் அழுதார். அதன் பிறகு எட்டாவது படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் பில் பார்த்தார். படிப்பு தேவையில்லை என்று என்னால் சொல்ல முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

இன்னோர் ஊரில் தலைவி ஒன்பதாம் வகுப்பு படித்தவர். அழகான கையெழுத்து. நாற்காலியில் உட்கார்ந்தது கணவர். செக் புத்தகத்தில் பத்து தாளிலும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். ஐந்து வருடம் கழித்து, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி வந்த நோட்டீஸ் மட்டும் அந்த அம்மாள் பெயருக்குச் சரியாக வந்து சேர்ந்தது. படிக்கத் தெரிந்தவர். படிக்க யாரும் எதையும் கையில் கொடுக்கவில்லை. டிப்ளமா படித்த ஓர் இளைஞர் தலைவராக வந்து, வீட்டு வரிக் கேட்புப் பதிவேட்டைத் தெருத் தெருவாக நடந்து புதிதாக எழுதியதையும் பார்த்தேன். சட்டம் படித்த ஒருவர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டதையும் பார்த்தேன். எட்டு ஊரை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் என்னைப் பயமுறுத்திய தலைவர் ஒருவர்தான். "படிச்சுக் காட்டுங்க" என்றவர்.

கல்லூரி மாணவி, கரூர்: ஹரியானாவில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் படிப்பைக் கட்டாயமாக்கி, உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டதாகப் படித்தேன். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

முடியும். அதுதான் கவலை. 2015இல் ஹரியானா கொண்டுவந்த சட்டம் இது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதி ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பு, வார்டு உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பு. அதோடு வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். மின் கட்டணமோ கூட்டுறவுக் கடனோ பாக்கி இருக்கக் கூடாது. அந்த வருடம் டிசம்பர் 10ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் அமர்வு இது செல்லும் என்றது. சரி எது தவறு எது, நல்லது எது கெட்டது எது என்று பிரித்தறியும் ஆற்றலை மனிதனுக்குக் கொடுப்பது கல்வி மட்டுமே என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரி. கைநாட்டு வைத்த என் பாட்டி ஊர் வழக்குக்கெல்லாம் மத்தியஸ்தம் செய்தவர். அவர் இதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தது நல்லதாயிற்று.

இதில் இரண்டு விஷயம் பாருங்கள். பத்தாம் வகுப்பு படிக்காத நாற்பது வயதுப் பெண் ஏன் படிக்கவில்லை? ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம், அதற்கு மேல் படிக்கப் பக்கத்து ஊருக்கு அனுப்பப் பயம். பள்ளிக்கூடம் கட்டாதவர்களின் தவறுக்கு அவருக்குத் தண்டனை. இரண்டாவது, சட்டத்தை இயற்றிய ஹரியானா சட்டமன்ற உறுப்பினர்கள் எத்தனையாம் வகுப்பு படித்திருக்க வேண்டும்? ஒன்றும் வேண்டாம். குழாய் போடும் வார்டு உறுப்பினருக்குச் சான்றிதழ், அவருக்குச் சட்டம் போடும் எம்.எல்.ஏ.வுக்கு விலக்கு. திண்டிவனத்து நண்பர் கோபப்பட வேண்டியது இங்கேதான்.

ராஜஸ்தானில் 2014 டிசம்பரில் அவசரச் சட்டமாக இதே மாதிரி ஒன்று வந்தது. ஊர்த் தலைவராக எட்டாம் வகுப்பு, பழங்குடிப் பகுதியில் ஐந்தாம் வகுப்பு. ஆட்சி மாறி, 2019இல் எடுத்துவிட்டார்கள்.

வி.கோ., சேலம்: எம்.எல்.ஏ. வேட்பாளர்களுக்கு ஒரு தகுதித் தேர்வு வைத்தால் என்ன?

வினாத்தாளை யார் எடுப்பார், விடைத்தாளை யார் திருத்துவார், அவரை யார் நியமிப்பார்?

செ.நா., விருதுநகர்: காமராசர் என்ன படித்தார்? அதற்கு மேல் என்ன வாதம் வேண்டும்?

அவரை இழுக்காமல் இந்தப் பகுதியை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். விருதுநகரிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் 1954இல் முதலமைச்சர் ஆனார். பெரிய படிப்பாளியும் வக்கீலுமான ராஜாஜி கொண்டுவந்திருந்த, சிறுவர்கள் பாதி நேரம் பள்ளிக்கும் மீதி நேரம் அப்பன் தொழிலுக்கும் போகலாம் என்ற 1953 திட்டத்தைக் கைவிட்டார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம், மதிய உணவு. எல்லாம் சரி. ஆனால் இதை வைத்து "படிக்காதவரே நல்லவர்" என்று முடிப்பவர்களோடு நான் வர மாட்டேன். சிறையில் கிடந்த வருடங்களில் அவர் நிறையப் படித்தவர். தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையே அழைத்து நிதியையும் கல்வியையும் கொடுத்தார். பொதுக் கல்வி இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு இருந்தார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர் யார் என்று தெரிந்து, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது ஒரு தனித் திறமை. அது எந்த மார்க்‌ஷீட்டிலும் வராது. காமராசரிடம் இருந்தது என்பதால் படிப்பைப் பாதியில் விட்ட எல்லோரிடமும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

அ.ர., வாணியம்பாடி: பாகிஸ்தானில் பட்டம் கட்டாயம் என்று சட்டம் இருந்ததாமே?

இருந்தது. 2002இல் ராணுவ ஆட்சியாளர் முஷாரப் கொண்டுவந்தார். நாடாளுமன்றத்துக்கும் மாகாண சபைக்கும் பட்டதாரிகள்தான் நிற்கலாம். அந்த ஏழை நாட்டில் பட்டதாரிகள் எத்தனை பேர்? மற்ற அத்தனை பேரும் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. மதரஸா சான்றிதழ்களைப் பட்டத்துக்குச் சமம் என்று ஏற்றுக்கொண்டதால் மதக் கட்சிகளுக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. பழைய அரசியல்வாதிகள் பலருக்குத்தான் கதவு சாத்தப்பட்டது. தகுதி விதி எழுதுகிறவர் யாரை வெளியே தள்ள நினைக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

2008 பிப்ரவரித் தேர்தல் அந்த விதியின் கீழ் நடந்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விதியைச் செல்லாது என்றது. ஆனால் தேர்தலுக்காகக் காட்டிய பட்டங்கள் இருக்கின்றனவே! 2010இல் உயர்கல்வி ஆணையம் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கியதும் நாறியது. முசாபர்கர் தொகுதி உறுப்பினர் ஒருவர் இஸ்லாமியக் கல்வியில் எம்.ஏ. என்று காட்டியிருந்தார். நீதிபதிகள் அந்தப் பாடத்திலேயே கேட்ட எளிய கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. ராஜினாமா செய்தார். இடைத்தேர்தல் வந்தது. அவரே நின்றார், அவரே ஜெயித்தார். பலுசிஸ்தான் முதல்வராக இருந்த அஸ்லம் ரைசானி அப்போது சொன்னது உலகப் பிரசித்தம்: "டிகிரி டிகிரிதான், அசலோ போலியோ."

சிரித்துவிட்டு இந்தப் பக்கமும் பாருங்கள். நம் நாட்டில் படிப்பு கட்டாயமே இல்லை, ஆனாலும் போலிப் படிப்பு எழுதுகிறார்கள். மணிப்பூரில் மொய்ராங் தொகுதியில் 2012இல் ஜெயித்தவர், மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தார். பொய் என்று தெரிந்து, அவருடைய தேர்தல் செல்லாது என்பதை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எழுத்துப் பிழை என்றார்களாம். எம்.பி.ஏ. என்பதில் எந்த எழுத்து பிழை?

த.சி., யாழ்ப்பாணம்: எங்கள் சபாநாயகர் கதையையும் எழுதுங்கோ.

எழுதுகிறேன். 2024 நவம்பரில் இலங்கை நாடாளுமன்றத்தின் சபாநாயகரான அசோக ரன்வல, தமது கலாநிதிப் பட்டத்துக்கு (நாம் டாக்டர் பட்டம் என்கிறோம்) ஆவணம் எங்கே என்று கேள்வி கிளம்பியதும், டிசம்பர் 13ஆம் தேதி பதவியிலிருந்து விலகினார். உடனே காட்டக் கைவசம் ஆவணங்கள் இல்லை என்றார். அங்கும் எம்.பி. ஆகப் பட்டம் தேவையில்லை. வெறும் பெயரோடு அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்க முடியாது. முன்னால் ஒட்டிய 'கலாநிதி'தான் எழுப்பிவிட்டது. பதவிக்கு வந்து மூன்று வாரம் சொச்சத்தில் விலகினாரே, அந்த மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை.

கே.எஸ்., மயிலாப்பூர்: தமிழ்நாட்டில் சட்டமன்றத்தோடு படித்தவர்களுக்கென்றே மேலவையும் இருந்தது. எம்.ஜி.ஆர். மூடினார். அதைத் திறந்தால் உங்கள் பிரச்சினை தீருமே?

என் பிரச்சினையா! 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு மேலவை போனது உண்மை. 2010இல் திரும்பக் கொண்டுவரச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள், நாடாளுமன்றமும் சட்டம் செய்தது. 2011இல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்றார்கள். மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பது, இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பது.

உங்களுக்கு ஒரு சுவையான தகவல். சென்னைப் பட்டதாரிகள் தொகுதியில் ஜெயித்த ஒருவர் பட்டதாரியே அல்ல என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தலை ரத்து செய்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஓட்டுப் போடுகிறவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்றுதான் அரசியல் சட்டம் சொல்கிறது, நிற்கிறவர் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்பது தீர்ப்பு. மெத்தப் படித்த வாக்காளர்கள், கையில் இருந்த ஓட்டை ஒரு பட்டதாரி அல்லாதவருக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். யாரை அனுப்பினால் காரியம் நடக்கும் என்று அவர்களும் பார்த்திருக்கிறார்கள், நெல் மண்டிப் பெரியப்பாவை அனுப்பிய குடும்பம் மாதிரி.

ஓய்வுபெற்ற ஆசிரியை, செஞ்சி: எல்லாவற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் என்கிறீர்களே. சட்டமன்றத்தில் ஒரு மசோதா என்ன சொல்கிறது என்று தெரியாமலே கை தூக்குகிறார்களே, அதற்கு என்ன வழி?

டீச்சர், இந்தப் பையிலேயே நல்ல கேள்வி உங்களுடையது. பெரியப்பா உவமையின் ஓட்டையும் இதுதான்.

தெரியாமல் கை தூக்குவது படிப்பில்லாததால் என்று நினைக்கிறோம். இப்போது உள்ளே இருப்பவர்களில் பட்டதாரிகள் ஏராளம். டாக்டர்கள், வக்கீல்கள், பொறியாளர்கள். அவர்களும்தான் கை தூக்குகிறார்கள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். தாவலைத் தடுக்க வந்த சட்டம். ஆனால் அதோடு யோசிப்பதன் பயனும் போயிற்று. மசோதாவை ராத்திரி முழுக்கப் படித்து, ஐந்தாவது பிரிவில் தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்த உறுப்பினரும் காலையில் "ஆம்" என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் எதற்கு அவர் கண்விழித்துப் படிக்க வேண்டும்?

அடுத்தது நேரம். மசோதாவை வரி வரியாகப் பார்க்கும் இடம், உறுப்பினர்கள் சிலர் மட்டும் கொண்ட நாடாளுமன்ற நிலைக்குழு. அங்கே கொறடா கிடையாது, டி.வி. கேமரா கிடையாது, விவரம் தெரிந்தவர்களை அழைத்துக் கேட்கலாம். 15ஆவது மக்களவையில் (2009-14) நூற்றுக்கு எழுபத்தொரு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் (2019-24) அது பதினாறு. உறுப்பினர்கள் அதற்குள் படிப்பை மறந்துவிட்டார்களா என்ன? கேரளச் சட்டமன்றத்தில் துறைவாரியாகப் பொருள் குழுக்கள் இருக்கின்றன, மசோதாக்கள் அங்கே போகின்றன. நம் சட்டமன்றத்தில் கூட்டத்தொடர் முடியப்போகும் நாட்களில் மசோதாக்கள் வரிசையாக வந்து வரிசையாகப் போவதைச் செய்தித்தாளில் பார்க்கிறீர்கள். எங்கள் தீர்மான நோட்டு மாதிரிதான். முதல்நாள் ராத்திரியே எழுதி, டீயோடு கையெழுத்து.

அதனால் நான் கேட்கும் தகுதி வேட்பாளருக்கு அல்ல, சபைக்கு. மசோதா நகல், என்ன மாற்றம், ஏன் மாற்றம் என்ற விளக்கத்தோடு நல்ல தமிழில் ஒரு வாரம் முன்பே கைக்கு வர வேண்டும். குழுவுக்குப் போகாமல் எந்த மசோதாவும் வரக் கூடாது. உயிர்போகிற அவசரம் என்றால் மட்டும் விலக்கு. ஒவ்வொரு உறுப்பினருக்கும் படித்துச் சொல்ல ஓர் ஆராய்ச்சி உதவியாளரைச் சபையே சம்பளம் கொடுத்து வைக்கட்டும். அவருக்கு வையுங்கள் தேர்வு, எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும். அரசு கவிழும் ஓட்டெடுப்பு தவிர மற்றவற்றில் கொறடாவைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஜெயித்தவர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்றால் அதற்கும் சம்மதம். உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு மறைமலைநகரில் நடக்கிறது, கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் இன்னும் சிறப்பாக நடக்கிறது. எம்.எல்.ஏ.க்கள் மட்டும் என்ன உசத்தி?

உங்கள் பள்ளியில் பாடப் புத்தகமே கொடுக்காமல், கேள்வி கேட்கிற பையனை வெளியே நிறுத்திவிட்டு, பிள்ளைகள் மக்கு என்று எழுதி அனுப்பினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா டீச்சர்?

பெயர் வேண்டாம், ஆரணி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏன் தேர்தலில் நிற்கக் கூடாது?

நின்றேன். 2021 அக்டோபரில் எங்கள் ஊர் வார்டு உறுப்பினர் பதவிக்கு. நோட்டீஸில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்றும், ஓய்வுபெற்ற துணை வட்டார வளர்ச்சி அலுவலர் என்றும் போட்டிருந்தேன். பதினோரு ஓட்டில் தோற்றேன். ஜெயித்தவர் பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா, ஐந்தாம் வகுப்பு. ஒன்றிய அலுவலகத்திலிருந்து காகிதம் ஏதாவது வந்தால் மாலையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். "படிங்க சார்" என்பார். ஒரு பத்தியை விட்டுவிட்டுப் படித்தால் கண்டுபிடித்துவிடுகிறார். ஒரு முறை விட்டுப் பார்த்தேன்.